புத்ராஜெயாவின் இரவல் கோலம்

மலேசியா சென்று திரும்பும் நம்மவர் கொண்டுவரும் படங்களுள் ஒன்று தவறாது இடம்பெறும். ஏரிநீரின் விளிம்பில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய குவிமாடம். அதன் அருகே ஐந்து அடுக்காய் உயர்ந்து நிற்கும் ஒற்றை மினாரா. சற்று அப்பால் பசுங்குவிமாடம் சூடிய அரண்மனை போன்றதொரு மாளிகை. படத்தைக் கையில் வாங்கிப் பார்க்கும் வீட்டுப் பெரியவர்கள் ‘மாஷா அல்லாஹ்’ என்கின்றனர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் ஒரு நாடு தன் ஆட்சிக்கென்றே புதிதாய் எழுப்பிய நகரம் என்ற பெருமிதம் அந்தச் சொல்லில் உண்டு. அந்தப் பெருமிதத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், நூலின் அட்டையைப் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுவது திறனாய்வு ஆகாது. நகரத்தையும் நூலைப் போலவே உள்ளே புகுந்து படிக்க வேண்டும். எங்கிருந்து எடுத்தது, எதைத் தானாய்ச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்க வேண்டும். புத்ராஜெயாவைப் பற்றிப் புகழுரைகள் மிகுதியாய் வந்துவிட்டன. இவ்வாறு கேட்டவர்கள் நம்மிடையே குறைவு.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் மாநிலத்துக்கு உரியதாயிருந்த சுமார் 49 சதுர கிலோமீட்டர் நிலத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. 1993இல் இடம் தேர்ந்தார்கள்; 1995இல் வேலை தொடங்கிற்று; 1997இல் ஆசியாவைத் தாக்கிய நிதி நெருக்கடி வேகத்தைத் தணித்தபோதும் பணி நிற்கவில்லை. 1999இல் பிரதமர் அலுவலகம் இங்குக் குடிபெயர்ந்தது. அப்போது பிரதமராயிருந்த மகாதீர் முகம்மதின் கனவு இது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2001 பிப்ரவரி முதல் நாளன்று, கோலாலம்பூரையும் லாபுவானையும் அடுத்து, மூன்றாவது கூட்டரசுப் பிரதேசமாக இது அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் புத்ரா அல்ஹாஜ் அவர்களின் பெயரே ஊரின் பெயராயிற்று. ‘புத்ர’, ‘ஜய’ என்னும் இரண்டும் வடசொற்கள். மலாய் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகத் தம் சொந்தச் சொற்களாகவே வழங்கி வருபவை. பெயரிடும்போது மண்ணில் ஊறிய மொழியை நாடியவர்கள், கட்டடம் எழுப்பும்போது மட்டும் ஏன் தூரதேசம் போனார்கள் என்பதே நம் முதல் வினா.

அவ்வினாவுக்குப் போகுமுன் நகரம் நடைபெறும் முறையைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். அமைச்சகங்கள் பெரும்பாலும் இங்கு உள்ளன. பாதுகாப்பு, பொதுப்பணி, அனைத்துலக வணிகம் ஆகிய அமைச்சகங்கள் இடம்பெயராமல் கோலாலம்பூரிலேயே தங்கிவிட்டன. உச்ச நீதிமன்றமாகிய கூட்டரசு நீதிமன்றம் 2004இல் இங்கு வந்து சேர்ந்தது. நாடாளுமன்றமும் மாமன்னரின் அரண்மனையும் பழைய நகரிலேயே உள்ளன; அரசியற்சட்டப்படி நாட்டின் தலைநகரும் இன்றுவரை கோலாலம்பூர்தான். ஆகவே மன்றம் கூடும் நாட்களில் அமைச்சர்களும் அவர்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் அதிகாரிகளும் வடக்கு நோக்கி விரைகின்றனர். ஊரை நடத்துவது புத்ராஜெயா நிருவாகக் கழகம். அதன் தலைவரும் உறுப்பினரும் நியமிக்கப்படுபவர்களே. குடிமக்கள் வாக்களித்துத் தேர்வதில்லை. இது புத்ராஜெயாவுக்கு மட்டும் உரிய குறையன்று. மலேசியாவில் உள்ளாட்சித் தேர்தல் என்பதே 1965இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

நன்றாய் அமைந்தவற்றை நன்று என்று சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. கோலாலம்பூரின் பல தெருக்களில் சிதறிக் கிடந்த அலுவலகங்கள் ஓரிடத்தில் கூடியதால் அதிகாரிகளுக்கும், காரியமாய் வரும் பொதுமக்களுக்கும் அலைச்சல் குறைந்தது. அமைச்சகக் கட்டடங்கள் பலவற்றுக்கு மைய நிலையங்களிலேயே நீரைக் குளிரச் செய்து குழாய்வழி அனுப்பிக் குளிரூட்டுகின்றனர். எல்லாவற்றினும் மேலாக அந்த ஏரி. அது இயற்கை ஏரியன்று; ஆற்றை அணையிட்டுத் தேக்கியது. மேற்புற நிலங்களிலிருந்து உரமும் கழிவும் கலந்துவரும் நீரை அப்படியே ஏரிக்குள் விடாமல், 24 பாத்திகளாய்ப் பகுத்த சதுப்பு நிலத்தில் நிறுத்தி, நாணலும் கோரையும் அழுக்கை உண்டபின் தெளிந்த நீரையே ஏரிக்கு அனுப்புகின்றனர். இத்தனை பெரிய சதுப்பு நிலத்தைத் திட்டமிட்டு உண்டாக்கியது ஓர் அரிய செயல். அதைக் காணச் செல்லும் நம்மவர் மிகக் குறைவு. படமெடுக்கக் குவிமாடம் இல்லையன்றோ!

இனிக் குவிமாடத்துக்கு வருவோம். புத்ரா பள்ளிவாசல் 1997இல் தொடங்கி 1999இல் நிறைவுற்றது. 15,000 பேர் தொழத்தக்கது; மினாராவின் உயரம் 116 மீட்டர். அதன் வடிவம் பாக்தாதிலுள்ள ஷெய்கு உமர் பள்ளிவாசலைத் தழுவியது. அடித்தளச் சுவர் மொராக்கோவின் காஸாபிளாங்காவிலுள்ள மன்னர் ஹஸன் பள்ளியை நினைவூட்டுவது. வாயில் பாரசீகப் பாணியினது. பள்ளியை ஒட்டி ஏரியைக் கடக்கும் புத்ரா பாலமோ, 435 மீட்டர் நீளத்தில், இஸ்பஹான் நகரின் காஜூ பாலத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது. ஆக, ஒரே பார்வையில் ஈராக்கும் ஈரானும் மொராக்கோவும் நம் கண்முன் நிற்கின்றன. மலாய் நாடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

பிறர் வடிவை எடுத்தாள்வது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. இலக்கியம் முழுதும் எடுத்தாளுதலே. உமறுப் புலவரை எண்ணிப் பார்ப்போம். சீறாவின் நாட்டுப் படலத்தில் அவர் காட்டும் அரபு நாட்டில் மேகம் பொழிகிறது. வெள்ளம் மலையிலிருந்து இறங்கி மருத நிலத்தில் பாய்கிறது. உழவர் வயலில் இறங்குகின்றனர். ‘மணல்வெளியில் நெல்வயலா?’ என்று நகைத்தவர்கள் உண்டு. அவர்கள் புலவரின் நோக்கை அறியார். அண்ணலாரின் வரலாற்றைத் தமிழன் நெஞ்சில் நட வேண்டுமாயின் தமிழ் மண்ணைக் கொண்டே நட வேண்டும் என்று அவர் உணர்ந்திருந்தார். பொருள் அரபு நாட்டினது. அது வேர்கொண்ட மண் நம்முடையது. புத்ராஜெயாவின் சிற்பிகள் செய்தது இதற்கு நேர்மாறு. மண்ணை விட்டுவிட்டு மணல்நாட்டு உருவத்தைப் பெயர்த்துவந்து வைத்தார்கள்.

காஜூ பாலத்தையே சான்றாகக் கொள்வோம். 1650ஆம் ஆண்டையொட்டி இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில் அது கட்டப்பட்டது. அது பாலம் மட்டுமன்று, மதகும் ஆகும். கீழ்க்கண்களில் பலகையிட்டு அடைத்தால் ஆற்றுநீர் மேற்புறம் உயர்ந்து தோட்டங்களுக்குப் பாயும். மேலே மக்கள் கடந்து செல்வர். நடுவிலே அமர்ந்திருக்க மண்டபம். கீழே வளைவுகளின் நிழலில் நீரைத் தொடும் படிக்கட்டுகள். மாலையானால் ஊர் மக்கள் அவ்வளைவுகளுக்குள் வந்தமர்ந்து பாடுவது இஸ்பஹானில் நெடுநாள் வழக்கம். ஆறு வறண்டு கிடந்த ஆண்டுகளிலும் அவ்வழக்கம் நிற்கவில்லை. அங்கே ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. புத்ரா பாலத்தின் வளைவுகளுக்கு அத்தகைய வேலை ஏதுமில்லை. நீரைத் தேக்க வேறோர் அணை இருக்கிறது. பாலத்தின் மேல் வாகனங்கள் ஓடுகின்றன. உள்ளே ஒரு தளம் மோனோரயிலுக்கென விடப்பட்டது. அந்த ரயில் வரவே இல்லை. 2004இல் வேலை நிறுத்தப்பட்டது. மோனோரயிலுக்கென்றே கட்டிய தொங்குபாலம் ஒன்றும் ரயிலைக் காணாமல் ஏரிமீது நிற்கிறது. யாப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்ட செய்யுளை நாம் பார்த்ததில்லையா? அதுவே இது.

மலாய் நாட்டில் பள்ளிவாசல் கட்டத் தெரியாமலா இப்படிச் செய்தார்கள்? மலாக்காவில் 1728ஆம் ஆண்டின் கம்போங் உலு பள்ளி, மூன்றடுக்காய்ச் சரியும் கூரையுடன் இன்றும் நிற்கிறது. கொட்டும் மழையை வடியச் செய்வதும், உள்ளிருக்கும் வெப்பத்தை மேலே ஏற்றி வெளிவிடுவதும் அக்கூரையின் வேலை. அதே ஊரில் 1748இல் நம் நாட்டு முஸ்லிம் வணிகர் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிக்கும் அத்தகைய அடுக்குக் கூரையே. அதன் மினாராவோ சீனத்துக் கோபுரம் போன்றது. கடல்கடந்து போன நம் முன்னோர் அங்கே ஊரின் கூரையை ஏற்றுக்கொண்டனர். இங்கேயும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அவர்கள் கட்டியவை தமிழ்நாட்டுக் கல்தச்சரின் தூணும் போதிகையும் தட்டைக் கல்தளமும் கொண்ட பள்ளிகள். குவிமாடம் இல்லாததால் அவற்றில் தொழுத எவருடைய தொழுகையும் குறைவுபட்டதில்லை.

இவ்விடத்தில் நம் ஊர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்லத்தான் வேண்டும். முந்நூறு, நானூறு ஆண்டுகள் நின்ற கல்தூண் பள்ளிகளை இடித்துவிட்டு, சிமெண்டுக் குவிமாடமும் வண்ணக் கண்ணாடியுமாய்ப் புதுப்பிக்கும் ஆசை நம்மிடையே பெருகியிருக்கிறது. ‘பள்ளிவாசல் பள்ளிவாசலைப் போல இருக்க வேண்டாமா?’ என்கின்றனர். எந்தப் பள்ளிவாசலைப் போல என்று கேட்டால், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு படத்தைக் காட்டுகின்றனர். புத்ராஜெயாவைத் திறனாய்வது நமக்குத் தொலைதூர வேலையன்று என்பது இதனால் விளங்கும்.

மலேசியாவே முன்னர் வேறுவழி கண்டிருந்தது. விடுதலைக்குப்பின் 1965இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட தேசியப் பள்ளிவாசலுக்கு உருண்டைக் குவிமாடம் இல்லை; பாதி விரிந்த குடையைப் போன்ற கூரை. மினாராவோ மடித்த குடை. ஆண்டு முழுதும் மழை பெய்யும் நாட்டில் குடையைவிடப் பொருத்தமான உருவகம் எது? அரசர்க்கும் குடை, ஆண்டிக்கும் குடை. முப்பதாண்டு கழித்து, செல்வம் பெருகிய பின்னர், அந்தத் துணிவு எங்கே போயிற்று என்பது ஆராயத்தக்கது. ஒருவேளை, விடுதலை பெற்ற தலைமுறைக்குத் தான் யார் என்பதைப் பிறருக்கு மெய்ப்பிக்கும் கவலை குறைவாயிருந்தது போலும். அடுத்த தலைமுறை உலக முஸ்லிம்களின் முன் ஒரு முகத்தைக் காட்ட விரும்பிற்று. அம்முகத்தைப் பாக்தாதிலும் இஸ்பஹானிலும் இரவல் வாங்கிற்று. பின்னால் அதே புத்ராஜெயாவில் எழுந்த துவாங்கு மீசான் ஜைனுல் ஆபிதீன் பள்ளிவாசல் (2010இல் முறைப்படி திறக்கப்பட்டது, மக்கள் ‘இரும்புப் பள்ளி’ என்றே அழைக்கின்றனர்) சற்று விலகிச் சிந்தித்தது. எஃகால் அமைத்து, திண்மையான சுவருக்குப் பதில் கம்பி வலையை நிறுத்தி, காற்றையும் ஒளியையும் உள்ளே விட்டார்கள். நம் மதிப்பில் இரண்டினுள் அதுவே மேலான படைப்பு. படங்களில் அது குறைவாகவே வருகிறது.

வடிவத்தைப் பற்றி இவ்வளவும் சொன்னோம். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபின் பள்ளிவாசலை அமைத்தார்கள். அத்துடன் முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையையும் ஏற்படுத்தினார்கள். அது கட்டடமில்லாத திறந்த வெளி. அங்கே வரி வாங்கலாகாது என்பது அவர்களின் ஏற்பாடு. காலையில் முதலில் வந்தவர் தமக்கு வேண்டிய இடத்தில் அமர்ந்து விற்கலாம். நிலையாய் எவரும் பிடித்துக்கொள்ளலாகாது. கையில் ஒரு கூடைப் பேரீச்சம்பழத்தைத் தவிர வேறேதும் இல்லாதவனும் அந்த நகரில் குடிமகனாய் நிற்க அது வழிசெய்தது. அதன்பின் தோன்றிய முஸ்லிம் நகரங்களிலெல்லாம் ஜும்ஆப் பள்ளியும் கடைத்தெருவும் தோளோடு தோள் உரசி நின்றன. புத்தகக் கடையும் அத்தர்க் கடையும் பள்ளியின் வாயிலிலேயே இருந்தன.

புத்ரா பள்ளியின் மினாராவுக்கு மாதிரி தந்த பாக்தாதின் கதையே இதற்கு நல்ல பாடம். கலீபா அல்மன்ஸூர் ஹிஜ்ரி 145இல், அதாவது 762இல், அந்நகரை வட்டமாய் வகுத்துத் தொடங்கினார். உலகில் ஆட்சிக்கென்றே திட்டமிட்டு எழுந்த தலைநகரங்களுள் அது முன்வரிசையில் நிற்பது. நடுவே அரண்மனை, அதையொட்டிப் பெரிய பள்ளிவாசல். கூபா, பஸரா, குராஸான், ஷாம் ஆகிய நான்கு திசை நோக்கி நான்கு வாயில்கள். செங்கற்களைக் கணக்கிடும் பொறுப்பு இமாம் அபூஹனீபா அவர்களிடம் இருந்ததாகவும், அவர்கள் அடுக்குகளை ஒரு கோலால் அளந்து எண்ணிக்கையைச் சொன்னதாகவும் தபரி எழுதுகிறார். கடைகள் முதலில் வட்டத்துக்குள்ளேதான் இருந்தன. பைஸாந்தியப் பேரரசின் தூதர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நன்று, ஆயின் உங்கள் பகைவர் உங்களுடனேயே குடியிருக்கின்றனரே’ என்னும் கருத்துப்படச் சந்தையைச் சுட்டிக் காட்டினாராம். அந்நியர் வணிகராய் வந்து இரகசியம் அறிந்துபோவர் என்பது அவர் குறிப்பு. கலீபா சந்தையை மதிலுக்கு வெளியே தெற்கே கர்க் என்னும் பகுதிக்கு மாற்றினார். அது ஹிஜ்ரி 157 அளவில் நிகழ்ந்தது. அதன் பின்னர் நடந்ததை வரலாறு அறியும். மக்கள் கர்க்கைச் சூழ்ந்து குடியேறினர். அரண்மனையின் பசுங்குவிமாடம் 941இல் இடிந்து விழுந்தது. வட்ட நகரின் சுவரில் ஒரு துண்டுகூட இன்று நிலத்தின்மேல் இல்லை. கர்க் இன்றும் பாக்தாதின் ஒரு பகுதியாய் வாழ்கிறது.

புத்ராஜெயா மன்ஸூரின் நகரத்து மினாராக் கோலத்தை எடுத்துக்கொண்டது. சந்தையை வெளியேற்றிய அவரது பிழையையும் உடன் எடுத்துக்கொண்டது. நகரம் 20 வட்டாரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆட்சிக்கு ஒன்று, வணிகத்துக்கு ஒன்று, குடியிருப்புக்குச் சில என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில். பள்ளியருகே ஏரிக்கரையில் உணவுக்கூடமும் நினைவுப்பொருள் கடைகளும் உண்டு; பேருந்தில் வந்திறங்கும் பயணிகளுக்கு அவை போதும். குளிரூட்டிய பெரிய அங்காடியும் வேறிடத்தில் உண்டு. இல்லாதது, ஒருவன் சிறு முதலுடன் வந்து கடை விரித்துப் பத்தாண்டில் தலைநிமிரும் தெரு. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா தெருவை அறிந்த நம் வாசகர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1863ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாய்க் கொண்ட அப்பள்ளியில் தமிழ் ஒலித்தது. பள்ளியைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடையும் துணிக்கடையும் நாணயமாற்றுக் கடையும் வளர்ந்தன. இராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சையிலிருந்தும் போனவர்கள் அந்தத் தெருக்களில்தான் ஆளானார்கள். அதை எவரும் வரைபடத்தில் திட்டமிடவில்லை. அங்கே பாங்கு சொன்னால் கடையைச் சாத்தித் தொழப் போகலாம். தொழுதுவிட்டு வந்து கடையைத் திறக்கலாம். புத்ராஜெயாவிலோ தொழுகைக்கு வருவோர் அலுவலகத்திலிருந்து வருகின்றனர். ஜும்ஆவன்று பள்ளி நிறைகிறது. தொழுதபின் மீண்டும் அலுவலகத்துக்கே போகின்றனர். மாலையில் வீதி வெறிச்சோடுகிறது.

ஆண்டில் ஒரு மாதம் மட்டும் இந்நகரின் இயல்பு மாறுகிறது. ரமளானில் நோன்பு திறப்பதற்கான பண்டங்கள் விற்கும் கடைகள் வரிசையாய்க் கூடாரமிட்டு நிற்கும். அண்டை ஊர்களிலிருந்தும் மக்கள் வந்து மொய்ப்பர். புகையும் கூச்சலும் பேரமுமாய் அந்த அந்திப்பொழுதில் புத்ராஜெயா ஊராகிறது. பெருநாள் வந்ததும் கூடாரங்கள் பிரிக்கப்படுகின்றன.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்வர் என்று எண்ணித் திட்டமிட்ட நகரில் 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி வாழ்ந்தவர் 1,09,000க்குச் சற்றே அதிகம். அவர்களுள் பெரும்பாலோர் அரசுப் பணியாளரும் அவர்தம் குடும்பத்தாரும். அரசு குடியிருப்பில் வாழ்பவர் பணி ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். முதியவரும் மூன்று தலைமுறை உறவும் தங்கி வாழாத இடத்தில் ஊர்க்கதை பிறக்காது. நாட்டின் சீனரும் இந்தியரும் இங்கு மிகச் சிலரே. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மலாய்க்காரர். பல இனத்தார் வாழும் நாட்டின் ஆட்சி நகரம் ஓரினத்தாரின் குடியிருப்பாய் அமைந்துவிட்டது. இஸ்லாமிய நகரத்தின் இலக்கணம் இதுவன்று. பாக்தாதிலும் குர்துபாவிலும் கிறித்தவரும் யூதரும் தத்தம் தொழிலுடன் வாழ்ந்தனர்.

நடப்பவனை இந்நகரம் மதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரதமர் அலுவலகத்திலிருந்து மாநாட்டு மாளிகை வரை நேர்கோடாய் 4.2 கிலோமீட்டர் நீளும் பெருவீதி, அணிவகுப்புக்கு அழகியது. நடுப்பகலில் நில நடுக்கோட்டுக்கு அருகான வெயிலில் அதில் ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்தவர் அதன் அழகைப் பற்றி வேறுவிதமாய்ப் பேசுவார். மலாய் நாட்டுப் பழைய கடைத்தெருக்களில் கடைமுகப்பின் கீழே ஐந்தடி அகல நடைபாதை தொடர்ந்து செல்லும். வெயிலிலும் மழையிலும் ஒருவன் குடையின்றித் தெருவின் கோடிவரை போகலாம். அந்த எளிய அறிவு இங்கே வரவில்லை. போக்குவரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பொது ஊர்திகளில் நடைபெற வேண்டும் என்பது முதல் திட்டத்தின் இலக்கு. நடைமுறையில் காரின்றி இங்கு வாழ்வது அரிது. 2002 முதல் விமான நிலைய ரயிலும், 2023இல் கோலாலம்பூரிலிருந்து வந்த நகர ரயிலும் நகரின் ஓரத்து நிலையத்தில் பயணிகளை இறக்கிவிடுகின்றன. அங்கிருந்து பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

‘ஆட்சி நடத்தக் கட்டியதை ஊராயில்லை என்று குறைகூறலாமா? கோலாலம்பூர் அருகிலேயே இருக்கிறதே’ என்று கேட்பர். நியாயமான கேள்விதான். அலுவலகத் தொகுதி என்று மட்டும் சொல்லியிருந்தால் நாமும் ஏரியையும் சதுப்பு நிலத்தையும் பாராட்டிவிட்டு அமைந்திருப்போம். ஆனால் குவிமாடமும் மினாராவும் காஜூ வளைவும் வைத்து, முஸ்லிம் நகர மரபின் வாரிசு என்று தன்னை அறிவித்துக்கொண்டது இந்நகரமே. அம்மரபின் அளவுகோலைக் கொண்டு அளப்பது முறைதான். அரசு உண்டாக்கிய நகரம் அவ்வரசு மறைந்தபின் நிலைக்குமா என்பது, சுற்றியுள்ள நாட்டுப்புறம் அதற்கு ஆளும் பொருளும் தருமா என்பதைப் பொறுத்தது என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் விளக்குகிறார். கலீபா முஃதஸிம் 836இல் எழுப்பிய ஸாமர்ரா 892இல் தலைநகர் என்ற நிலையை இழந்தது. இன்று அங்கே நெடுந்தூரம் இடிபாடுகளும், சுருளாய் ஏறும் அந்தப் புகழ்பெற்ற மினாராவும். இந்தோனேசியா 2022இல் சட்டமியற்றிக் காலிமந்தான் காட்டில் நுசந்தாரா என்னும் தலைநகரை எழுப்பத் தொடங்கியுள்ளது. எகிப்தும் கெய்ரோவுக்குக் கிழக்கே பாலைவெளியில் ஒன்றை எழுப்புகிறது. இவ்வேளையில் புத்ராஜெயாவை வெறும் புகழுரையால் மூடுவது அந்நாட்டவர்க்கும் நன்மையாகாது.

சுற்றியுள்ள நாட்டுப்புறம் என்று இப்னு கல்தூன் சொன்னதைப் புத்ராஜெயாவுக்குப் பொருத்தினால், அந்நிலத்தில் முன்பிருந்தவரிடம் வந்து நிற்கிறோம். அவ்விடம் காடாய்க் கிடந்ததன்று; ‘பெராங் பெசார்’ என்னும் பால்மரத் தோட்டம். பெயரின் பொருள் பெரும்போர். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய ஆங்கிலேயர் 1921இல் தொடங்கியதால் அப்பெயர். தேர்ந்தெடுத்த இரப்பர் இனங்களுக்கு அத்தோட்டம் உலகப் புகழ் பெற்றது. நம் கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் விவசாயிகள் ‘பி.பி. 86’ என்று நட்ட மரம் அங்கே பிறந்ததே. அவ்விரண்டெழுத்தும் பெராங் பெசாரின் முதலெழுத்துகள். அத்தோட்டத்திலும் அதனை ஒட்டிய தோட்டங்களிலும் விடியலுக்கு முன் எழுந்து பால் வெட்டியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுக்கு லயன் வீடும் கோயிலும் தாய்மொழியும் அங்கே இருந்தன. புத்ராஜெயா வந்தபோது அக்குடும்பங்கள் அருகிலுள்ள டெங்கிலில், தாமான் பெர்மாத்தா என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. புதிய நகரின் 20 வட்டாரங்களுள் ஒன்றில்கூட அவர்களுக்கென ஒரு தெரு ஒதுக்கப்படவில்லை. மாற்றிக் கொடுத்த வீடுகளில் சுவர் வெடித்ததென்றும், தமக்கு நிலத்தோடு கூடிய வீடு வேண்டுமென்றும் அவர்கள் எழுப்பிய கோரிக்கை, அமைச்சகங்கள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேல் கோரிக்கையாகவே நீடித்தது.